துருவ மேகங்களும் கடல் வாயுக்களும்

மஹய்யாவையைக் கடந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியில், விடியற்காலையில் மூடுபனி படிவதைக் கண்டி மாணவர் நன்கறிவர். அப்பனித்துளிகள் வெறும் நீராவியால் மட்டும் ஆனவையல்ல. நீராவி ஒடுங்குதற்குத் தூசியோ, புகையோ, உப்போ கருவாக அமைதல் வேண்டும். வாகனப் புகை தேங்கும் கண்டிப் பள்ளத்தாக்கில் அக்கருக்களுக்குக் குறைவில்லை. ஊரும் வீதியுமற்ற துருவக் கடலில் மேகத்துக்குக் கரு எங்கிருந்து கிடைக்கின்றது?

பெரும்பாலும் கடலிலிருந்தே. அலை தெறிக்கும் உப்பு ஒரு பங்கு. மற்றொன்று, நுண்ணிய மிதவைத் தாவரங்கள் காரணமாகத் தோன்றும் இருமெதைல் சல்பைட்டு என்னும் கந்தக வாயு. கடற்கரை மணத்தை உப்பின் மணமென்பர் பலர்; உப்புக்கு மணமேது? அம்மணத்தில் இவ்வாயுவுக்கும் பங்குண்டு. காற்றில் இது ஒட்சியேற்றமடைந்து சல்பூரிக்கமிலமாகி, நுண்துகள்களாகத் திரளும்.

அயடீனும் அத்தகையதே. அந்தாட்டிக்காவிலுள்ள மைத்திரி, பாரதி என்னும் இந்திய நிலையங்களில், 2015 முதல் 2017 வரை மூன்று கோடைகளில் அயடீன் ஒட்சைட்டு அளக்கப்பட்டது. கிடைத்த அளவு, இலட்சம் கோடி மூலக்கூறுகளுள் இரண்டுக்கும் குறைவு! இத்துணைச் சிறிய அளவை ஏன் பொருட்படுத்தல் வேண்டும்? துருவக் காற்று அத்துணைத் தூயது என்பதே விடை. 2008ஆம் ஆண்டுக் கோடையில், வடதுருவத்துக்கு அண்மையில் ஓடன் என்னும் சுவீடன் கப்பலிலிருந்து ஆராய்ந்தோர், மேகக்கருக்கள் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஒன்றிலும் குறைந்த வேளைகளைக் கண்டனர். கரு இன்மையால் மேகமும் மெலிந்தது.

கடல் வெப்பமுறின் தாவரம் பெருகும், வாயு மிகும், மேகம் வெளுத்து வெயிலைத் திருப்பும், கடல் மீண்டும் குளிரும் என்று லவ்லொக் முதலிய நால்வர் 1987இல் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கேட்க இனிய கருத்துத்தான். ஆயின் மேகக்கருக்கள் வேறு வழிகளிலும் பிறப்பதைக் காட்டி, 2011இல் குயின், பேற்ஸ் என்போர் அதனை வன்மையாக மறுத்தனர்.

துருவத்தில் சிக்கல் மேலும் பெரிது. கருநிறக் கடலின்மேல் வெண்மேகம் படர்ந்தால் வெயில் தடைப்பட்டுக் குளிர்ச்சி உண்டாகும். உறைபனியோ தானே வெண்மையானது. அதன்மேல் மேகம் தடுக்கும் வெயில் சொற்பம். நிலத்தினின்று வெளியேறும் வெப்பத்தையே அது கம்பளிபோலத் தடுத்து வைக்கும். சூரியன் தோன்றாத மாரியில் இவ்விளைவொன்றே எஞ்சும். கருக்கள் அருகிய இடத்தில் சில கூடினாலே மெல்லிய மேகம் தடிக்கும்; நிலம் வெப்பமுறும். எனவே ஒரே வாயு ஓரிடத்தில் குளிர்விக்கும், மற்றோரிடத்தில் வெப்பமூட்டும். வடதுருவ உறைபனி சுருங்கிக் கடல் வெளிப்படும் இக்காலத்தில், இவ்விரண்டுள் எது மேலோங்கும் என்பது இன்னும் தீர்க்கப்படாத கணக்காகவே உள்ளது.