ஓட்டுகிறவரிடம்தான் பழைய கார் வாழும்

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்றொரு அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966இல் சிவப்பு நிற வால்வோ 1800எஸ் ஒன்றை வாங்கினார். 2013இல் அலாஸ்காவில் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. கிலோமீட்டர் கணக்கில் 48 லட்சத்துக்கும் மேல். 2018இல் இறக்கும்வரை அதை அவர் கைவிடவே இல்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் போர்வை போர்த்திப் பூட்டி வைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான்.

என்னிடம் இருப்பது அந்தக் காருக்கு மூத்தது, 1962ஆம் வருடத்து பி1800. இரண்டே கதவு, பின்னால் சரிந்து இறங்கும் தாழ்ந்த கூரை, முன்னே இருவருக்குத் தாராளமான இடம், பின்னே பெயருக்கு ஓர் இருக்கை. இந்த அமைப்பைத்தான் கூபே என்கிறோம். தொடக்க கால வண்டிகளில் முன் பம்பர் நடுவே பிரிந்து இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்திருக்கும். காங்கேயம் காளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கொம்புகளைப் பார்த்ததுமே மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

கம்பெனி ஸ்வீடனுடையது. ஆனால் அவர்கள் ஆலையில் அப்போது இடம் போதவில்லை. எனவே பாடி ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் தயாராகி, இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ராம்விச்சில் ஜென்சன் ஆலையில் முழு வண்டியானது. நான் குடியிருப்பதும் அதே ஊரில்தான். சுமார் 6,000 கார்கள் முடிந்த நிலையில், தரத்தில் திருப்தி இல்லாமல் 1963இல் வால்வோ அந்த வேலையை ஸ்வீடனின் கோத்தன்பர்க்குக்கே கொண்டுபோய்விட்டது.

உருவத்தை வரைந்தவர் கதை இன்னும் சுவையானது. வடிவமைப்பு இத்தாலியர் கையால் வர வேண்டும் என்பது வால்வோ தலைவர் குன்னர் எங்கெல்லாவின் விருப்பம். வந்த வரைபடங்களில் அவர் தேர்ந்தெடுத்ததோ, இத்தாலியில் ஃப்ருவா நிறுவனத்தில் வேலை பார்த்த பெலே பெட்டர்சன் என்ற ஸ்வீடன் இளைஞருடையது. உண்மை தெரிந்ததும் தலைவருக்குக் கோபம். பல வருடங்கள் அந்தப் பெருமை ஃப்ருவாவின் பெயரிலேயே இருந்தது. பெட்டர்சன் பிறகு பாய்மரப் படகுப் போட்டியில் 1964 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 1972இல் வெள்ளியும் வென்றார். காரின் பக்கவாட்டில் ஓடும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது, காற்றையும் நீரையும் அறிந்த கை அது என்றே எனக்குத் தோன்றும்.

ஜேம்ஸ் பாண்டாக நடிப்பதற்கு முன் ரோஜர் மூர் 'தி செயிண்ட்' தொலைக்காட்சித் தொடரில் ஓட்டியதும் வெள்ளை நிற பி1800தான். தயாரிப்பாளர்கள் முதலில் ஜாகுவாரிடம்தான் கார் கேட்டார்கள், அந்தக் கம்பெனி தரவில்லை.

வேகத்துக்காக இதை வாங்காதீர்கள். 1,778 சிசி இன்ஜின், 100 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் கார்களே இதை முந்திவிடும். இதன் இன்பம் வேறு. குளிர்காலையில் சோக்கை இழுத்து எழுப்ப வேண்டும். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்புவேன். சுருதி சேர்ந்ததும் இன்ஜினின் நடுக்கம் அடங்கும். கம்ப்யூட்டர் இல்லாத காரில் அந்த வேலை உங்கள் காதுக்குக் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய சலுகை எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தியே வைத்தால் பிரேக் சிலிண்டர் இறுகிவிடும், ஆயில் சீல்கள் காய்ந்து ஒழுகும், டேங்கில் பெட்ரோல் கெட்டு கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும், ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் அமுங்கிப்போகும். ஓட்டத்தால் தேய்வதைவிட ஓய்வால் கெடுவது அதிகம். சாலையில் பனிக்கு உப்புத் தூவும் நாட்களில் மட்டும் நான் எடுப்பதில்லை. அந்த உப்புதான் இந்த நாட்டில் பழைய இரும்புக்கு எமன். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் எத்தனால் குறைந்ததையே ஊற்றுகிறேன். பிரிட்டனில் 40 வயது கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை; பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவற்றுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் சோதனைக்குக் கொண்டுபோவதை நான் விடுவதில்லை. பிரேக்கைச் சட்டத்துக்காகவா பார்க்கிறோம்?

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பாடிதான் பணத்தை விழுங்கும். பளபளக்கும் பெயின்டைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் பின்சக்கர வளைவையும் குனிந்து பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.