ஊதாரியும் அல்ல, சோம்பேறியும் அல்ல

கையில் காசு தங்காதவனை ஊர் ‘ஊதாரி’ என்கிறது. வேலைக்குப் போகாமல் பத்து நாள் படுத்துக் கிடப்பவனை வீடு ‘சோம்பேறி’ என்கிறது. ஒரே ஆள் சில மாத இடைவெளியில் இரண்டு பெயரையும் வாங்கினால், சற்று நின்று யோசிக்க வேண்டும். அது குணக்கேடாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். மருத்துவர்கள் அதை ‘பைபோலார்’ என்பர். தமிழில் இருமுனை மனநோய்.

எழுச்சிக் காலத்தில் தூக்கம் குறையும், பேச்சு பெருகும், தொட்டதெல்லாம் துலங்கும் என்ற நம்பிக்கை பிறக்கும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் விருந்துக்குப் போகும். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். கைபேசியில் நிமிடத்தில் கடன் கிடைக்கும். அடுத்து வரும் சோர்வுக் காலத்திலோ, வந்த நோட்டீசைப் பிரிக்கவும் மனம் எழாது. சம்பளம் குறையும், வட்டி ஏறும். அந்தக் கவலையே சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

வெளிமாநிலத்தில் பிழைப்போருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. பக்கத்தில் அண்ணன் தம்பி இல்லை. அறைத் தோழர்தான் உறவு. பணம் வருவது நின்ற பிறகே ஊரிலுள்ள தாய்க்குச் சேதி தெரியும்.

தெளிந்த நாளில் போடும் பூட்டு

எழுச்சியில் இருப்பவரிடம் சிக்கனம் பேசிப் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். மனம் தெளிந்திருக்கும் நாட்களில் அவரே செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகள் சில உண்டு.

வாடகையும் ஊருக்கு அனுப்பும் தொகையும் சம்பளத்திற்கு மறுநாளே தானாகப் போய்ச் சேரும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். சேமிப்பை, நம்பிக்கையான ஒருவருடன் சேர்ந்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் வைப்பு நிதியாகப் போடலாம். 2020-ல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவுப்படி, கார்டு வைத்திருப்பவர் அதன் உச்சவரம்பைத் தாமே குறைக்கலாம். ஆன்லைன் உபயோகத்தை நிறுத்தியும் வைக்கலாம்.

‘இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகே வாங்குவது’ என்பது போன்ற விதியைத் தம் கைப்பட எழுதி வைப்பதும் நல்லது. ‘மூன்று நாள் தூக்கம் குறைந்தால் கார்டை வாங்கி வை, டாக்டரிடம் கூட்டிப் போ’ என்று அறைத் தோழரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ரகசிய எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. பிறர் பிடுங்கினால் சண்டை வரும். தாமே ஒப்படைத்தால் மானம் நிற்கும்.

அவசரத்தில் கைபேசிக் கடன் வாங்கிவிட்டாலும் வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனமானால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாளைய வட்டியையும் கட்டி, அபராதமின்றி விலகலாம். கடன் வழங்கிய கட்டணம் மட்டும் பிடிக்கப்படலாம்.

மருந்து முதல் செலவு

பணமுடை வந்ததும் மாத்திரையை நிறுத்துவது பொய்ச் சிக்கனம். மறுபடி நோய் வந்தால் போவது பல மாதச் சம்பளம். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன் கண்ட லித்தியம் இன்றும் முக்கிய மருந்து. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் இத்துறையில் பெயர் பெற்ற அரசு நிறுவனம். 14416 என்ற இலவச எண்ணில் ‘டெலி மானஸ்’ ஆலோசனையைத் தமிழிலேயே பெறலாம். இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளிக்கு இன்னொரு வழியும் உண்டு. நீண்டகால நோய்ப் பட்டியலில் இந்நோயும் இருப்பதால், போதிய சேவைக் காலம் உள்ளவர் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 80 சதவீதம் வரை கோரலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது.

ஏற்கெனவே கடன் ஏறிவிட்டதா? யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைக்கட்டும். வீட்டாரும் பழைய கணக்கைக் குத்திக் காட்டாமல், அந்த நோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கட்டும்.