நாடித் துடிப்பிலே தொடங்கும் பாடம்

இடைநிலை வகுப்பு மாணவர்க்கு உடலின் தொகுதிகளைக் கற்பித்தலாவது பெயர்களை மனனஞ் செய்வித்தலே என எண்ணுவாருளர். சுவாசத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என மாணவர் பிழையற ஒப்புவிப்பர். மணிக்கட்டிலே துடிப்பது யாதென வினவின் விழிப்பர்.

குருதி உடலைச் சுற்றி வருகின்றதென 1628ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் வில்லியம் ஹாவி நிறுவினார். கணக்கொன்று அவர்க்குப் பெருந்துணையாயிற்று. அவ்வகைக் கணக்கை நம் மாணவரும் செய்யலாம். இளைப்பாறியிருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் குருதியைப் பெருநாடியிற் செலுத்துகின்றது. பெருக்கினால் 5 லீற்றர் அளவாகும். உடலிலுள்ள குருதி முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதான்! நிமிடந்தோறும் அத்துணைக் குருதி புதிதாக உண்டாதல் கூடுமோ? நாடிவழிச் சென்றதே நாளவழி மீளல் வேண்டும். (வழக்கிலே நாடி என்பது துடிப்பையுங் குறிக்கும், இம்மயக்கத்தை முன்னரே தீர்த்தல் தமிழாசிரியன் கடன்.)

பின்னர் மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடச்செய்து துடிப்பை மீண்டும் எண்ணுவிக்கலாம். மூச்சும் உடன் விரைதலை மாணவர் தாமே காண்பர். தசைகள் வேண்டும் ஒட்சிசனை நுரையீரல் ஏற்கக் குருதி சுமந்து செல்கின்றது. ஆதலின் இரண்டும் ஒருங்கே விரைகின்றன.

அவ்வேளையில், சிற்றோட்டத்திலேயே களைத்து வெளிறி நிற்கும் பிள்ளையைச் சோம்பேறியெனக் கடிதல் தகாது. அது குருதிச்சோகையாகவும் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தவிடத்து, குருதி சுமக்கும் ஒட்சிசன் குறையும். இதயம் எத்துணை விரைந்தும் களைப்பு நீங்காது. அப்பிள்ளையை மறுபடி ஓடவிடாது, பெற்றோர்க்கு அறிவித்து வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.