பிளவை மூடும் எலும்பு

"உதட்டையும் அண்ணத்தையும் தைத்தாகிவிட்டது. ஈறிலுள்ள பிளவை அடைக்க இடுப்பை வேறு கீற வேண்டுமா? செயற்கை எலும்புதான் வந்துவிட்டதே?" பிளவோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் இடுப்பெலும்புதான் இன்றும் முதல் தேர்வு.

காரணம், அதனுள் இருக்கும் பஞ்செலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பது. உறைமோர் போல அது. ரத்தக் குழாய்கள் வந்து சேரும்வரை சுற்றியுள்ள திரவத்திலேயே செல்களில் ஒரு பகுதி பிழைத்து, புது எலும்பைத் தொடங்கிவைக்கிறது. செயற்கைத் துகள்கள் வெறும் பாத்திரம்; உறை அவற்றில் இல்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பும் நல்ல உறைதான், ஆனால் கரண்டியளவுதான் தேறும். முளைக்காத பற்களுக்கும் ஆபத்து. உறையிடப் பாலின் சூடு முக்கியம்; அதுபோல எலும்பு வைக்கும் வயதும் முக்கியம். 1950களில் கைக்குழந்தைகளுக்கே எலும்பு வைத்துப் பார்த்தார்கள். மேல்தாடை வளர்ச்சி குன்றியது. 1972இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கோரைப்பல் முளைப்பதற்குச் சற்று முன்பு வைக்கும் முறையை முன்வைத்தார்கள். ஏறத்தாழ 8 முதல் 11 வயது. ஒட்டிய எலும்புக்குள் கோரைப்பல் தானே வழி செய்துகொண்டு இறங்குகிறது. தன் வேரைச் சுற்றியுள்ள நார்களால் மெல்லும் விசையை எலும்புக்குக் கடத்துகிறது. அந்த வேலை இருக்கும்வரை எலும்பு நிலைக்கும். பல் வராத இடத்தில், எடுத்து உண்ணாத தயிர் கெடுவதுபோல, எலும்பும் மெல்லக் கரைகிறது.

எலும்பு வளர்க்கும் பிஎம்பி-2 புரதம் இருக்கிறதே என்பார்கள். இடுப்பில் காயம் இல்லை என்பது உண்மையான லாபம். சென்னையிலும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் விலை அதிகம், வீக்கமும் அதிகம். இத்தகைய புரதங்களை 18 வயதுக்குட்பட்டவர்களிடம் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. இடுப்பு வலியோ பெரும்பாலும் சில நாள், சில வாரங்களில் அடங்குவது. வாழ்நாளெல்லாம் நிற்கவேண்டிய பல்லுக்கு அது பெரிய விலை அல்ல.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. உதடு சேர்ந்ததும் சிகிச்சை முடிந்ததென்று எண்ணிவிடுவதால் எலும்பு வைக்கவேண்டிய வயது கடந்துபோகிறது. பல் முளைத்த பிறகு எந்த எலும்பை வைத்தாலும் பலன் குறைவு. கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டியுள்ள குப்பங்கள் வரை, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு பரிசோதிக்கும் குறைகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. காட்டாங்குளத்தூரிலும் கேளம்பாக்கம் பக்கத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளவுள்ள பிள்ளைக்கு ஏழு வயதானதும் ஈறை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.