அம்ப்ளிபயருக்குக் கரண்ட் எங்கிருந்து?

மீள்குடியேறிய கிராமங்களுக்குப் போகும்போது இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது விதைநெல்லைப் பற்றியல்ல. "பாதர், அம்ப்ளிபயர் ஒண்டு செய்யப் போறம். எத்தனை அம்பியர் ட்ரான்ஸ்போமர் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கூத்துப் பழகுவதற்கும், விவசாயிகள் கூட்டத்துக்கும், வெள்ளம் வரும்போது அறிவிப்பதற்கும் ஊருக்கு ஒரு குரல் தேவைப்படுகிறது. கடையில் புதிதாக வாங்க வசதியில்லை. பாடசாலைப் புத்தகம் இதனை விரியலாக்கி என்கிறது. நாம் அம்ப்ளிபயர் என்றே சொல்லிக்கொள்வோம்.

சர்க்யூட்டைத் தெரிவு செய்து, ஐ.சி.யையும் வாங்கிவிட்டு, அதன்பின் கரண்டைப் பற்றி யோசிப்பதே நம்மவர் வழக்கம். வயலில் நாம் அப்படிச் செய்வதில்லையே! உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தபின்பே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறோம். இங்கும் முதலில் பார்க்க வேண்டியது குளத்தைத்தான்.

இதனை நான் கற்றது என் சொந்தப் பிழையால். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது நான் குருமட மாணவன். நான் உதவிசெய்த முகாமில் நிவாரணம் எப்போது, தவறிய பிள்ளை எங்கே என்று அறிவிக்க, ரி.டி.ஏ. 2030 என்ற ஐ.சி.யை வைத்து ஓர் அம்ப்ளிபயர் செய்தோம். ட்ரான்ஸ்போமரைத் தெரிவு செய்தவன் நான். 12-0-12 போட்டேன். 12 வோல்ற்று ஆடலோட்டம் டயோட்டையும் கொள்ளளவியையும் தாண்டும்போது 12 ஆக நிற்பதில்லை, 1.4 மடங்காகி, டயோட்டில் இழப்பதுபோக, பக்கத்துக்கு ஏறக்குறைய 16 வோல்ற்று ஆகிறது. சுமை குறைந்தால் இன்னும் ஏறும். அந்த ஐ.சி. தாங்குவது பக்கத்துக்கு 18 வோல்ற்று மட்டுமே. இரவு லைற்றுகளை அணைத்ததும் ஜெனரேற்றரின் வோல்ற்று எழும்பியது; ஐ.சி. புகைந்தது. மறுநாள் முழுவதும் கூடாரம் கூடாரமாக நடந்து, தொண்டை வறளக் கத்தினோம். 9-0-9 போட்டிருந்தால் அந்தப் பாடு இல்லை.

யாழ்ப்பாணத்தார் இந்த விடயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். 1990களில் அங்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வாற்று. அதற்குமேல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பெரிதாக வராது. அந்த 3 வாற்றுக்குள் எது ஓடுமோ அதைத்தான் அவர்கள் ஓட்டினார்கள்.

இன்று நம் கிராமங்கள் பலவற்றுக்கு லைன் வந்துவிட்டது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது! வெள்ளம் வரும்போதும் முதலில் போவது கரண்ட்தான். அறிவிப்புத் தேவைப்படுவதும் அப்போதுதான். ஆகவே 12 வோல்ற்றுப் பற்றரியில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. மறுபடி இடம்பெயர நேர்ந்தாலும் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம்.

"12 வோல்ற்றில் சத்தம் வராதே" என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. சாதாரண சர்க்யூட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாற்று வந்தாலே பெரிது. ஆனால் ரி.டி.ஏ. 7297 போன்ற ஐ.சி. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளுவதால், அதே பற்றரியில் 6 வாற்றளவு கிடைக்கும். அதனைக் கோவிலில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாற்றுக்கு ஹோர்ன் 105 டெசிபெல் அளவில் கத்தும். மரப்பெட்டி ஸ்பீக்கர் 88 அளவில் நிற்கும். இந்த இடைவெளி 50 மடங்கு சக்திக்குச் சமம். ஹோர்னில் 6 வாற்று செய்வதைப் பெட்டியில் செய்ய 300 வாற்று வேண்டும். மத்தளத்தின் அடித்தொனி ஹோர்னில் எடுபடாது, அண்ணாவியார் கோபிப்பார். அறிவிப்புக்கு அது போதும்.

எவ்வளவு நேரம் ஓடும்? கணக்குக்கு ஒரு அம்பியர் என்று வையுங்கள். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 7 அம்பியர்-மணிப் பற்றரி மூன்று மணி நேரத்துக்கு. விடிய விடியக் கூத்தென்றால் 40 அம்பியர்-மணி வாகனப் பற்றரி வேண்டும். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 அம்பியர் உருகி ஒன்று போடாமல் இணைக்கவே வேண்டாம். பற்றரி 12 வோல்ற்றுத்தானே, உடம்பில் அடிக்காது என்ற துணிவில் விட்டுவிடுகிறார்கள். வயர் முட்டினால் சிவக்கச் சிவக்க உருகி ஓலைக் கூரையைப் பற்றவைக்கும்.

லைனில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் 12 வோல்ற்று, 5 அம்பியர் அடப்ரர் ஒன்றை நம்பகமான கடையில் வாங்கி அந்தச் சர்க்யூட்டுக்கே கொடுக்கலாம். பழைய மடிக்கணினிச் சார்ஜர் வேண்டாம். அது 19 வோல்ற்று, இந்த ஐ.சி.க்கு 18 வரைதான். ட்ரான்ஸ்போமர் போடுபவர்கள் கொள்ளளவியில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. ஒரு அம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோபரட்டிலேயே 2 வோல்ற்று ஏறி இறங்கும். "ம்ம்ம்" என்று நிற்காமல் கேட்கும் இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்போமரே இல்லாமல், ஒரு கொள்ளளவியால் 230 வோல்ற்றைக் குறைத்து எடுக்கும் சர்க்யூட் ஒன்று கைக்குக் கை உலாவுகிறது. மலிவுதான். ஆனால் லைனுக்கும் மைக்குக்கும் இடையில் அங்கே தடுப்பு எதுவுமில்லை. மைக்கின் இரும்பு உடலில் 230 வோல்ற்று நிற்கலாம். மாரியில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதைப் பிடிப்பது உங்கள் பிள்ளை. அப்படிச் செய்த பெட்டியை எங்கே கண்டாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை வெட்டுங்கள். கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

மேலும், வாவிக்கரை உப்புக்காற்றில் பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். சுடுதண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முனையைப் பூட்டியபின் கிறீஸ் பூசுங்கள். சத்தம் விட்டுவிட்டு வருகிறதென்று என்னிடம் கொண்டுவரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு வருத்தம் இருப்பதில்லை.