கைரேகை விழாவிட்டால் அரிசி கிடையாதா?

"கைரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டு ரேஷன் கடையிலிருந்து வெறும் பையுடன் திரும்பும் முதியவர்கள் நமது மஹல்லாவிலும் உண்டு.

பீடி சுற்றியும் சிமெண்ட் குழைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கிவிடும். வயது ஏற ஏறத் தோல் வறண்டு, கருவி அதைப் படிக்கத் திணறும். போலிகளைத் தடுக்க வந்த கருவி நல்லதுதான். ஆனால் அதை மட்டுமே நம்பினால் உரியவரே வெளியே நிற்க நேரிடும். இதை உணர்ந்துதான், ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆகவே, வெறுங்கையுடன் திரும்பாதீர்கள். வேறு விரலை வைத்துப் பாருங்கள். கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் கேளுங்கள். குடும்ப அட்டையில் பெயருள்ள வேறொருவர் ரேகை வைக்கலாம். நடக்க இயலாத முதியவர்கள், அங்கீகாரப் படிவம் கொடுத்துத் தம் சார்பில் ஒருவரை அனுப்பலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வதும் நல்லது.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இளைஞர்களே, உங்கள் தெருவில் தனியே வாழும் பெரியவருடன் ஒருமுறை கடைவரை சென்று வாருங்கள். கருவிக்குப் புரியாததை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.