மின்மினியின் ஒளி எவ்வளவு? அளந்து பார்ப்பது எப்படி?

கோடை மழை பெய்து மண் குளிர்ந்ததும் வாய்க்கால் ஓரத்திலும் தோப்பிலும் வரப்புப் புல்லிலும் மின்மினிகள் மின்னுவதை விவசாயிகள் அறிவர். ஆனால் இப்பூச்சி பயிருக்கு நன்மை செய்வது என்பதும், இதன் ஒளியை நாமே அளந்து பார்க்க முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. இந்த அளவு தெரிந்தால், தோட்டத்து விளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

நத்தையைத் தின்னும் புழு

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. பறக்கும் வண்டு சில வாரங்களே உயிர் வாழும். வாழ்நாளின் பெரும் பகுதி ஈர மண்ணிலும் சருகிலும் புழுவாகவே கழிகிறது. இப்புழுக்கள் நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு ஆகியவற்றைக் கடித்து, மரத்துப் போகச் செய்து தின்னும். வாழை, பப்பாளி, காய்கறிப் பயிர்களைத் தாக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையையும் ஒரு வகை மின்மினியின் புழு தின்பதை இலங்கை வேளாண் துறையினர் 1920-களிலேயே கண்டறிந்தனர். மின்மினி மட்டுமே நத்தையை ஒழித்துவிடாது. ஈரச் சாக்கு விரித்து நத்தைகளைச் சேர்த்து அழிப்பதை நிறுத்தக் கூடாது. எனினும் கூலி கேட்காமல் நமக்கு உதவும் உயிர் இது.

ஒளியின் அளவு

மின்மினியின் வயிற்று நுனியில் லூசிபெரின் என்ற பொருள், லூசிபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. இதில் சூடு ஏறக்குறைய இல்லை. குண்டு பல்போ தான் எடுக்கும் மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாக வீணடிக்கிறது.

அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் கோப்லென்ட்ஸ் 1912-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு மின்மினி வகை ஒன்றின் மின்னல் 1/400 முதல் 1/50 மெழுகுவத்தி ஒளி வரை இருப்பதாகக் கணக்கிட்டார். இனத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப இது மாறும். 1/400 மெழுகுவத்தி ஒளியுள்ள மின்மினியை ஒரு தாளுக்கு 10 செ.மீ. அருகே பிடித்தால், அது மின்னும் நொடியில் தாளில் விழும் ஒளி ஏறக்குறைய முழு நிலவின் ஒளிக்குச் சமம்.

வீட்டிலேயே அளக்கும் முறை

விலை குறைந்த ஒளிமானிகளும் கைப்பேசியும் இவ்வளவு சிறிய, நொடிக்குள் மறையும் ஒளியைச் சரியாகக் காட்டா. ஒரு மெழுகுவத்தி போதும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். இந்த விதியே நமக்கு அளவுகோல்.

1. காற்றில்லாத அமாவாசையை ஒட்டிய இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு 15 நிமிடம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கவும்.

2. ஒரு மின்மினியைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, வாயை வலைத் துணியால் கட்டி, கண்ணிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வைக்கவும்.

3. மற்றொருவர் எரியும் மெழுகுவத்தியுடன் அதே திசையில் மெல்ல விலகிச் செல்லட்டும். சுடரும் மின்மினியும் சமமான ஒளியாகத் தோன்றும் இடத்தில் அவரை நிறுத்தவும். நிறத்தைப் பாராமல் ஒளியை மட்டும் ஒப்பிட வேண்டும்.

4. அத்தூரத்தை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கவும். 20 மீட்டர் என்றால் 20 x 20 = 400; மின்மினியின் ஒளி 1/400 மெழுகுவத்தி. 10 மீட்டர் என்றால் 1/100.

மூன்று பேர் தனித்தனியே பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. முடிந்ததும் பூச்சியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

விளக்கு செய்யும் கேடு

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றின் ஒளி சுமார் 70 மெழுகுவத்திக்குச் சமம். அதாவது 28,000 மின்மினிகள் ஒருசேர மின்னுவதற்கு ஈடு. மறைப்பில்லாத இந்தப் பல்பைச் சுற்றி சுமார் 50 அடி வரை முழு நிலவைவிட அதிக வெளிச்சம் விழும். பல மின்மினி வகைகளில் ஆண் பறந்தபடி மின்னும். பெண் புல்லிலிருந்து மறுமொழியாக மின்னும். விளக்கொளியில் இந்த அடையாளம் மங்கிவிடுகிறது. இணை சேராவிட்டால் முட்டையில்லை. மறு ஆண்டு புழுவும் குறையும்.

செய்ய வேண்டியவை

மோட்டார் கொட்டகை, களம், மாட்டுத் தொழுவம் ஆகிய இடங்களில் வேலை முடிந்ததும் விளக்கை அணைக்கவும். இரவு முழுதும் விளக்கு அவசியமானால், குறைந்த வாட் மஞ்சள் பல்பைப் போட்டு, ஒளி தரையில் மட்டும் விழுமாறு மேலே தகர மூடி பொருத்தவும். விளக்குப் பொறி வைப்போர் இரவு 10 மணிக்கு மேல் அதை எரிய விடலாகாது. வாய்க்கால் கரையில் ஒரு பகுதிப் புல்லையும் சருகையும் செதுக்காமலும் கொளுத்தாமலும் விட்டு, அங்கே பூச்சி மருந்து படாமல் பார்த்துக்கொள்ளவும்.

மின்மினி காணும் பருவத்தில் வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணி, அன்று நிலவு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து நோட்டில் குறித்து வரவும். விளக்கை அணைத்ததால் பலன் உண்டா என்பதை அடுத்தடுத்த ஆண்டுக் கணக்கே காட்டிவிடும்.